வில்லுக்குறி பம்பில் ஒரு தலைப்பாகை

வைகுண்டராஜனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மச்சினன் சிரித்தான். பம்பில் பெட்ரோல் அடித்தவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டான். இப்படிக் கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். கார் வைத்திருந்தவனைப் பற்றி எழுதலாமாம், அந்தக் காரை ஓட வைத்தவனைப் பற்றி எழுதக் கூடாதாம். அவன் கேட்ட கேள்விக்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் யேசுரத்தினம். நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் போகும் பஸ்ஸில் டிரைவராக இருந்தேன். யுத்த காலத்தில் பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் வண்டி ஓட்டியவர்களில் நானும் ஒருவன். நாடு சுதந்திரம் அடைந்ததற்கு அடுத்த வருஷம் வில்லுக்குறியில் பெட்ரோல் பம்பு வந்தது. அந்த அடுப்பைக் கழற்றி எறிந்த அன்று பஸ்ஸை விட எனக்குத்தான் மூச்சு வந்தது.

இன்றைய பம்பை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அது ஆளை விட உயரமான ஒரு இரும்புத் தூண். உச்சியில் இரண்டு கண்ணாடிக் குடங்கள், இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி. பெட்ரோல் எல்லாம் பூமிக்கு அடியில் புதைத்த டாங்கில் இருக்கும். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் அது ஏறி ஒரு குடத்தை நிரப்பும். ஒரு குடம் ஒரு கேலன். அளவுக்கு மேல் ஏறினால் மிச்சம் தானாகக் கீழே திரும்பிவிடும். பிறகு திருகைத் திருப்பினால், நிரம்பிய குடம் ரப்பர் குழாய் வழியாக வண்டிக்குள் இறங்கும். அது இறங்கும்போதே அடுத்த குடத்துக்கு ஏற்ற வேண்டும். வாங்குகிறவன் கண்ணெதிரே சரக்கு நிற்கும். இந்தக் காலத்தில் முள் காட்டுவதை நம்பிக் காசு கொடுக்கிறோமே, அந்த நம்பிக்கைக்கெல்லாம் அங்கே அவசியமே இல்லை.

பெட்ரோல் கொச்சியிலிருந்து லாரியில் பீப்பாய் பீப்பாயாக வரும். பலகை சாய்த்து, பீப்பாயை உருட்டி, கீழே கிடக்கும் பழைய டயர் மேல் விழச் செய்வார்கள். இரும்போடு இரும்பு மோதிப் பொறி பறந்தால் பம்பும் இல்லை, நாங்களும் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன் அதையெல்லாம் டாங்கில் ஊற்றி மூடிவிட வேண்டும். தினமும் காலையில் டாங்கின் வாயைத் திறந்து, கோடு போட்ட நீளமான கோல் ஒன்றை உள்ளே விட்டு, எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் இருப்புக் கணக்கு.

இத்தனை வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்தவன் வைகுண்டராஜன். முதலில் அவன் வந்தது டாங்குக்குக் குழி வெட்டத்தான். மற்ற ஆட்கள் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். இவன் குழிக்குள் இறங்கிய டாங்கையே பார்த்துக்கொண்டு நின்றான். "இதுக்குள்ள இருக்கது மேல எப்பிடி வரும்?" என்று கேட்டிருக்கிறான். பம்பு முதலாளி தெய்வநாயகம் பிள்ளை கைப்பிடியை ஆட்டிக் காட்டினார். அன்று பிடித்த கைப்பிடியை அவன் விடவில்லை.

அவனைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். நெற்றியில் வெள்ளை நாமம், தலையில் வெள்ளைத் துண்டில் தலைப்பாகை. அவன் அய்யாவழிக்காரன். அவர்கள் கும்பிடுகிற இடத்தில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்க வேண்டும். நான் வேதக்காரன், கிறிஸ்தவன், எனக்கு இதெல்லாம் புதிது. ஒரு நாள் காரணம் கேட்டேன்.

"எங்க பாட்டன்மாரு ரோட்டுல போகும்போது பெரிய சாதிக்காரன் எதுர வந்தா, தலத்துண்ட அவுத்து இடுப்புல கெட்டணும். அப்பிடிக் குனிஞ்ச தலையில கெட்டுன துண்டு இது. இனி இதச் சாமி கேட்டாத்தான் அவுப்பேன், சாமி கேக்காது" என்றான்.

அந்தக் காலம் போய்விட்டது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். சட்டத்தில் போனது நிஜம்தான். ஆனால் சிலர் கண்ணில் அது அப்படியே உட்கார்ந்திருந்தது. இறச்சகுளம் பண்ணையார் கைலாசநாத பிள்ளையின் கண்ணில் நன்றாகவே உட்கார்ந்திருந்தது.

பம்பு நின்ற இடம் பண்ணையாருடையது. வயலோரத்தை மண்ணடித்து மேடாக்கி, தெய்வநாயகம் பிள்ளைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாடகையைப் பணமாக வாங்குவதில்லை, பெட்ரோலாக வாங்கிக்கொள்வார். அதனால் அவருடைய கறுப்பு ஆஸ்டின் கார் வேறு எந்தப் பம்பிலும் நிற்காது. சும்மா கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுக்கிற ஆள் இல்லை அவர்.

வைகுண்டராஜனோடு பண்ணையார் நேரே பேச மாட்டார். "ரெண்டு கேலன் போடச் சொல்லுடே" என்று முன்னால் இருக்கும் டிரைவர் இசக்கியிடம் சொல்வார். இசக்கி தலையை வெளியே நீட்டி, "ரெண்டு கேலன்" என்பான். வைகுண்டராஜன் நிற்பது பண்ணையாரின் ஜன்னலை ஒட்டித்தான்! பார்க்கிற எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஒரு நாள் என் பஸ் பின்னால் நிற்கும்போதுதான் அது ஆரம்பித்தது. பண்ணையார் இசக்கியிடம் கேட்டார். "அவனுக்குத் தலையில என்னடே? காயமா?"

"துண்டு, மொதலாளி."

"காயம் இல்லேல்லா? அப்பம் அவுக்கச் சொல்லு. நான் வந்து நிக்கது தெரியல்லியா அவனுக்கு?"

வைகுண்டராஜன் கைப்பிடியை ஆட்டிக்கொண்டே, "ரெண்டு கையும் வேலையா இருக்கு, பிள்ளைவாள்" என்றான்.

பண்ணையார் காத்திருந்தார். பெட்ரோல் இறங்கி முடிந்து, குழாயை மாட்டிவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டபோது, "இப்பம் கை சும்மாத்தான இருக்கு?" என்றார். அதையும் இசக்கியைப் பார்த்தே சொன்னார்.

"கை சும்மா இருக்கு. தலை சும்மா இல்லியே" என்றான் வைகுண்டராஜன்.

என் பஸ்ஸில் யாரோ சிரித்துவிட்டார்கள். பண்ணையாரின் முகம் கறுத்தது. "பனையேறி மவனுக்குத் தலக்கெட்டு ஒரு கேடா?" என்று கத்தினார்.

"எங்கப்பன் பனையேறினது நெசம்தான். தலக்கெட்டோடத்தான் ஏறினாரு. பனை ஒண்ணும் சொல்லல்ல."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அன்று சாயங்காலமே தெய்வநாயகம் பிள்ளைக்கு ஆள் வந்தது. அடுத்த தடவை கார் வரும்போது அவன் தலையில் துணி இருக்கக் கூடாது, இருந்தால் பம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

தெய்வநாயகம் பிள்ளை கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்தக் காலத்தில் கெட்டவர்களை விடப் பயந்தவர்களால்தான் அதிகம் கெட்டது நடந்தது என்பது என் அபிப்பிராயம். அவர் வைகுண்டராஜனைக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "அவரு வந்துட்டுப் போற நேரம் மட்டும் அவுத்து வச்சுக்கிட்டா என்னடே? போனதும் கெட்டிக்கோ."

"வேலைய விடச் சொல்லுங்க மொதலாளி, இப்பவே விடுகேன். துண்ட விடமாட்டேன்."

வேலையை விடச் சொல்லவும் அவரால் முடியவில்லை. பெட்ரோலைப் பார்த்தாலே ஊரில் எல்லாருக்கும் நடுக்கம். குழிக்குள் குனிந்து அந்த வாடையில் நிற்க வேறு ஆள் கிடைப்பானா? ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் ஒரு பலகையோடு வந்தார். தார் பூசிய பலகையில் வெள்ளை எழுத்து. "கம்பெனி உத்தரவு. தீ அபாயம். தலையில் துணியோ தொப்பியோ அணிந்து யாரும் பம்பின் அருகே வரக் கூடாது."

நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். துணி தீப்பிடிக்கும் என்றால் வேட்டி மட்டும் பிடிக்காதா?

வைகுண்டராஜன் பலகையை மேலும் கீழும் பார்த்தான். "யாரும்னா, யாரும்தானா மொதலாளி?"

"யாரும்னா யாரும்தான். நான் தொப்பி போட்டாலும் கழத்தணும்."

"கம்பெனி சொன்னதுதானா?"

"கம்பெனி சொன்னதுதான்" என்றார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அவன் துண்டை அவிழ்த்தான். மடித்து, ஆபீஸ் அறைக்கு வெளியே இருந்த ஆணியில் மாட்டினான். அந்த வெறும் தலையை என்னால் பார்க்க முடியவில்லை. இவ்வளவுதானா இவன் வீரம் என்று ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மனைவி பூங்கனியே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். "கம்பெனிக்காரன் பம்புக்குத்தான் சட்டம் போடுவான், எங்க வீட்டு முத்தத்துக்குப் போட முடியாது. வரும்போது கெட்டிக்கிட்டு வாங்க" என்றாளாம்.

நான் அவனைப் புரிந்துகொண்டது, என் தலைக்கே அது வந்தபோதுதான். வழக்கம்போல் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கினேன். கைப்பிடியில் கை வைத்தவன் எடுத்துவிட்டான்.

"தொப்பி, டிரைவரே."

"என்ன தொப்பி?"

பலகையைக் காட்டினான். காக்கித் தொப்பியைக் கழற்றி சீட்டில் போட்டேன். அதன் பிறகுதான் கைப்பிடி அசைந்தது. எனக்கு மட்டும் இல்லை. லாரிக்காரன், தபால் வண்டிக்காரன், குடைக்குப் பதில் ஓலைத் தொப்பி போட்டு வந்த தோட்டத்து மேஸ்திரி, ஒருவரையும் விடவில்லை. தக்கலை இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தபோது, "எஜமானே, தொப்பி" என்றான். தெய்வநாயகம் பிள்ளைக்கு உயிரே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் பலகையை வாசித்தார், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நல்ல ஜாக்கிரதை. இப்படித்தான் இருக்கணும்" என்று முதலாளியைப் பாராட்டிவிட்டும் போனார். அதற்கப்புறம் அந்தப் பலகை அசல் சட்டமாகவே ஆகிவிட்டது.

பண்ணையார் அந்த நாட்களில் இரண்டொரு முறை வந்தார். வெறும் தலையோடு, தோளில் நேரியலோடு. ஆணியில் தொங்கிய துண்டைப் பார்த்தார், வைகுண்டராஜனின் தலையைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே போனார். வைகுண்டராஜன் வழக்கம்போல் குடத்தை நிரப்பி இறக்கினான். அவன் காத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும், எதற்காக என்றுதான் தெரியவில்லை.

தை மாதத்தில் பண்ணையார் மகனுக்குக் கல்யாணம் வந்தது. பெண் வீடு பத்மநாபபுரத்தில். மாப்பிள்ளையும் பெரியவர்களும் அலங்கரித்த ஆஸ்டின் காரில், மற்ற சொந்தக்காரர்கள் என் பஸ்ஸில். புறப்படும் முன் வீட்டில் உருமால் கட்டு நடந்தது. தாய்மாமன் மாப்பிள்ளைக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டிவிடுகிற சடங்கு அது. தாலி கட்டும் வரை அதை அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. அன்று பண்ணையாரும் சரிகைத் தலைப்பாகையோடு இருந்தார். தாய்மாமனும் அப்படித்தான்.

கார் வழக்கம்போல் வில்லுக்குறியை நம்பித்தான் புறப்பட்டிருந்தது. பம்பை நெருங்கும்போதே இருமிக்கொண்டு போய் நின்றது. பின்னால் என் பஸ். நாகஸ்வரக்காரர்கள் முதல் சமையல்காரன் வரை ஜன்னலில் தலையை நீட்டினார்கள்.

வைகுண்டராஜன் வந்தான். குழாயைக் காரின் வாயில் செருகினான். கைப்பிடியை ஆட்டினான். பெட்ரோல் ஏறிக் குடம் நிரம்பியது. திருகில் கை வைக்கப் போனவன் நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து குனிந்து பார்த்தான்.

"பிள்ளைவாள், தலக்கெட்டு."

பண்ணையாருக்குப் புரியவே இல்லை. "என்னடே சொல்லுகான்?" என்று இசக்கியைக் கேட்டார்.

இசக்கி பலகையைக் காட்டினான். "போர்டு, மொதலாளி. தலையில துணியோட வரப்படாதுன்னு..."

"அவுத்துட்டா பெட்ரோல் எறங்கும்" என்றான் வைகுண்டராஜன். குரலில் கேலி இல்லை. என்னிடம் தொப்பி கேட்டபோது இருந்த அதே குரல்தான்.

தாய்மாமன் பதறிவிட்டார். "உருமால அவுக்கதா? நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல நாக்க அடக்கிப் பேசுலே!"

"நானா சொல்லுகேன்? கம்பெனி சொல்லுகு. இன்ஸ்பெக்டர் ஏமானே கழத்திட்டுத்தான் இருந்தாரு."

பண்ணையார் காரை விட்டு இறங்கினார். "ஏய் இசக்கி, எறங்கி நீ திருப்புடே அத!"

இசக்கி இறங்கினான். பம்பில் இரண்டு திருகு உண்டு, ஒன்று வண்டிக்கு, மற்றது திரும்ப டாங்குக்கு. எது என்று அவனுக்கு என்ன தெரியும்? கைக்குக் கிடைத்ததைத் திருப்பினான். குடத்தில் ததும்பி நின்ற பெட்ரோல் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க மடமடவென்று இறங்கி, காருக்குப் போகாமல் பூமிக்குள்ளேயே போய்விட்டது. வெறும் கண்ணாடி நின்றது. பஸ்ஸுக்குள் தவில்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

வைகுண்டராஜன் அந்தத் திருகைச் சரி செய்தான். மறுபடியும் கைப்பிடியை ஆட்டிக் குடத்தை நிரப்பினான். நிரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, அங்கே ஒரு பெண் மணவறைக்கு வரக் காத்திருக்கிறாள். நேரம் தவறினால் பண்ணையார் இவனை உயிரோடு விடமாட்டார். வேலை போவது உறுதி, அடியும் உறுதி. ஆனாலும் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவன் துண்டுக்காக நானே பஸ்ஸை ரோட்டில் குறுக்கே போட்டிருப்பேன்.

பண்ணையார் நிலை மறந்துவிட்டார். அத்தனை நாளும் இசக்கி வழியாகப் பேசியவர் நேராக அவன் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார். "ஏலே! அது ஒனக்கு எழுதி வச்ச போர்டுலே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

"எனக்கு எழுதுனதா?" என்றான் வைகுண்டராஜன். "அப்பம் அதுல எம் பேரு இருக்கணுமே. 'யாரும்'னுல்லா போட்டிருக்கு. எனக்குத்தான்னா எம் பேர எழுதச் சொல்லுங்க. வைகுண்டராஜன் தலையில துணி கெட்டப்படாதுன்னு, ரோட்டுல போறவன் எல்லாம் வாசிக்க மாதிரி எழுதச் சொல்லுங்க. வெள்ளை நான் கலக்கித் தாறேன்."

மாப்பிள்ளை காருக்குள்ளிருந்து, "அப்பா, நேரம் ஆகுது. போர்ட எடுக்கச் சொல்லுங்க" என்றார். அந்தப் பையனின் முகத்தில் வெட்கம் இருந்தது. தலைப்பாகைக்காக இல்லை, தகப்பனுக்காக.

பண்ணையார் ஆபீஸ் அறையைப் பார்த்துக் கத்தினார். "தெய்வநாயகம்! எடுவே அந்த எளவ!"

தெய்வநாயகம் பிள்ளை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"கம்பெனி உத்தரவ நீங்க எப்பிடி எடுப்பிய மொதலாளி?" என்றான் வைகுண்டராஜன். "எடுத்த பொறவு ஆராச்சும் கேட்டா நான் என்ன சொல்லணும்?"

அவர் ஸ்டூலின் மேல் நின்றபடியே அவனைப் பார்த்தார், பண்ணையாரைப் பார்த்தார், பஸ் முழுக்க நீட்டியிருந்த தலைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார். "கம்பெனி ஒண்ணும் சொல்லல்ல. நான்தான் எழுதுனேன். இவரு சொல்லித்தான் எழுதுனேன். போதுமாடே?"

"போதும்" என்றான்.

பலகை இறங்கியது. வைகுண்டராஜன் அவசரப்படவில்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். ஆணியில் கிடந்த துண்டை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறினான். பம்பின் முன்னால் வந்து நின்று, பெட்ரோல் நிறைந்த கண்ணாடிக் குடத்தில் தன் முகத்தைப் பார்த்துத் தலைப்பாகை கட்டினான். ஒரு சுற்று சரியாக வரவில்லை என்று அவிழ்த்து மறுபடியும் கட்டினான். பண்ணையார் காருக்கு வெளியே நின்று அதை முழுக்கப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது அவன் நின்ற நிற்பு எனக்குக் கோவிலில் நிற்பதுபோல்தான் இருந்தது. என் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அப்புறம் திருகைத் திருப்பினான். பெட்ரோல் இறங்கியது. குழாயைக் கடைசிச் சொட்டு வரை வடித்து எடுத்து மாட்டிவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து, "நல்லா இரியுங்க. நேரத்துக்குப் போயிருவிய" என்றான். மனதார வாழ்த்தினான். நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம், தாலியும் நல்லபடியாக ஏறியது.

பண்ணையார் சும்மா இருக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு செரிக்கும் முன்னே, அவனை நிறுத்து என்று தெய்வநாயகம் பிள்ளைக்கு ஆள் விட்டார். ஆனால் ஊர் முன்னால் ஒரு தடவை உண்மை பேசிவிட்ட மனிதருக்கு அந்த ருசி பிடித்துப் போயிருந்தது. "நிறுத்த முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சரி, நிலத்தைக் காலி பண்ணு என்றார் பண்ணையார். "பண்ணுகேன். டாங்க அவரே தோண்டி வெளிய எடுத்துத் தரட்டும்" என்று பதில் போனது. பெட்ரோல் ஊறிக் கிடக்கும் அந்த மண்ணில் மண்வெட்டி போட இறச்சகுளத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை. குழி வெட்டத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான், அவனைக் கூப்பிட பண்ணையாருக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு கார் பம்புக்கு வருவது நின்றது. இசக்கி மட்டும் தகர டின்னோடு வந்து வாங்கிப் போவான். வரும்போது அவன் தலையிலும் ஒரு துண்டு கட்டியிருக்கும். வெயிலுக்கு என்று சொல்வான்.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் வரை நான் அந்த ரோட்டில் பஸ் ஓட்டினேன். அது வரை வைகுண்டராஜனும் அங்கேதான் இருந்தான், தலைப்பாகையோடு.

அந்தப் பலகையை அவன் எறியவில்லை. மழையில் டாங்கின் வாயைச் சுற்றிச் சேறாகிறது என்று அதைப் பக்கத்தில் போட்டுவைத்தான், எழுத்து மேலே தெரியும்படி. தினமும் காலையில் அதன் மேல் ஏறி நின்றுதான் கோலை உள்ளே விடுவான். எழுத்தை மிதிக்கிறானே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சொல்லியும் பார்த்தேன்.

வைகுண்டராஜன் கோலை வெளியே எடுத்து, நனைந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எழுத்த மிதிக்கப்படாதுதான் டிரைவரே. இது பொய்தானே."